முன்கூட்டிக் கட்டிய ஏணை

என்னைக் கேட்காமல் என் வீட்டு வளையில் ஏணை கட்டிய மனுஷி அவர். பிள்ளை பிறக்க இன்னும் நாலு மாதம் கிடந்தது.

கூரை வளையில் சேலையைக் கட்டித் தொங்கவிடும் தொட்டிலை யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏணை என்போம். பிள்ளை பிறந்து, துடக்கு என்னும் தீட்டுக் கழிந்த பிறகுதான் அதைக் கட்டுவது. அதற்கு முன் ஒரு சின்னச் சட்டைகூடத் தைத்து வைக்க மாட்டோம். வெறும் ஏணையைக் காற்று ஆட்டினாலே மனம் பதறும். இதில் வேதக்காரரான எங்களுக்கும் சைவக்காரருக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. மூட நம்பிக்கைகளை விடச் சொல்லிப் போதகர் ஞாயிற்றுக்கிழமை முழங்குவார், நாங்களும் பயபக்தியோடு ஆமென் சொல்லுவோம். வீட்டுக்கு வந்தால் பல்லி சொன்னதும் கை தன்பாட்டில் நிலத்தைத் தட்டும்.

அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் ரெயில்வேயில் கிளாக்கர். அவரும் நானும், என் பிள்ளைப்பேற்றுக்கென்று ஊரிலிருந்து வந்து நின்ற அவருடைய தாயாரான மாமியும்தான் வீட்டில். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தேன். முதலாவது மூச்செடுக்கவே இல்லை. இரண்டாவது ஒருமுறை அழுதுவிட்டுப் பொழுதுபடுமுன் போய்விட்டது. மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைப்பதுகூட இல்லை. வயிற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் அதற்குக் கண் பட்டுவிடும் என்பதுபோல எல்லாரும் வேறு எதையாவது கதைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்த மனுஷி ஒரு பகல் நேரம் பழஞ்சேலை ஒன்றோடு நுழைந்தார். நான் அறையில் கண்ணயர்ந்திருந்தேன், மாமி கிணற்றடியில். எழுந்து வந்து பார்த்தால் விறாந்தை வளையில் பச்சைச் சேலை தொங்குகிறது. அவர் முக்காலியில் நின்று முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன வேலை அக்கா செய்யிறியள்!” என்று கத்தினேன்.

“தொட்டில் கட்டுறேன் தங்கச்சி. எங்கப்பாகிட்ட உனக்குப் புள்ள கேட்டிருக்கேன்ல. கேட்டுட்டுச் சும்மா இருந்தா எப்படி?”

“கழட்டுங்கோ. இப்பவே கழட்டுங்கோ.”

அவர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார். ஏன் கோபப்படுகிறேன் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “சின்னப் புள்ள பலகாரம் கேக்குறப்ப கையைப் பின்னால கட்டிக்கிட்டா கேக்குது? நீட்டிக்கிட்டுத்தானே கேக்குது” என்றார். அவருடைய வேதசாஸ்திரம் முழுவதும் அவ்வளவுதான். வேறொன்றையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே, தெருவோரத்தில் அவருடைய அப்பக்கடை. ஊர் அவரை அப்பக்கார அக்கா என்றது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்து, புருஷன் செத்த பிறகு டவுனுக்கு இறங்கி வந்தவர். தோட்டத்துக்கு வந்துபோன உபதேசியார் ஒருவரிடம் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவராம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ‘எங்கப்பா’ என்று அவர் சொல்வதெல்லாம் ஆண்டவரை. வந்த புதிதில் இது தெரியாமல், தகப்பனார் தோட்டத்தில் சுகமாக இருக்கிறாரா என்று நான் விசாரித்திருக்கிறேன். “நல்லா இருக்காரு, நேத்துக்கூடப் பேசினேன்” என்றார்.

அவரை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று நெடுநாள் எனக்கே தெரியவில்லை. நான் கோபக்காரி. எதிலும் கெட்டது வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பழகியவள். அவரோ அதற்கு நேர் எதிர். ஒவ்வொரு நாளும் விற்பதைவிட அதிகமாக அரிசி ஊறப்போடுவார். “நாளைக்கு வர்றவங்களுக்கு” என்பார். நாளைக்கு யார் வருவார்கள் என்று கேட்டால், “வர்றவங்க முந்தின நாளே சொல்லியா விடுறாங்க?” என்று என்னையே கேட்பார். ஒருநாள் மாத்தளைக்குப் போன லொறி ஒன்று பாலத்தடியில் உடைந்து நின்று, அதில் வந்த அத்தனை பேரும் அவருடைய கடையில் குந்தி, மாச்சட்டியை வழித்துத் தின்றுவிட்டுப் போனார்கள். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. வேறு பல நாட்களில் மிஞ்சிய அப்பத்தைத் தானே மத்தியானமும் இரவும் தின்றார். அப்போதும் அவர் ஆச்சரியப்படவில்லை, அரிசியைக் குறைக்கவும் இல்லை. எனக்குத்தான் பார்த்துப் பார்த்து எரிச்சல் வரும்.

கண்டித் தமிழ் வேதக் கோவிலுக்கு ஞாயிறு தோறும் எங்களோடுதான் வருவார். ஜெப நேரத்தில் எல்லாரும் கையைக் கூப்பி நிற்க, இவர் மட்டும் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். புதிதாகக் காணிக்கை எடுக்க வந்த பெரியவர் ஒருவர் குழம்பிப்போய்த் தட்டையே அந்தக் கைகளில் வைத்துவிட்டார். இவர் கண்ணைத் திறக்காமல் அதைப் பக்கத்து ஆளிடம் நீட்டிவிட்டு மறுபடியும் கையை ஏந்திக்கொண்டார். எங்கள் வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

ஆனால் அவரை வெகுளி என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு கோழிக் கதை உண்டு. அவருடைய முட்டைக்கோழியைக் கீரியோ நாயோ கொண்டுபோய்விட்டது. அது திரும்பி வரவேண்டும் என்று ஜெபம் பண்ணி, பொழுதுபட்டால் கூட்டுக் கதவைத் திறந்து வைத்துத் தவிடும் போடுவார். ஊரே சிரித்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு பின்னேரம் கூட்டை மூடிக் கொளுவியைப் போடுவதைக் கண்டேன்.

“என்னக்கா, கோழி வந்திட்டுதோ?”

“வரல” என்றார். அவ்வளவுதான். ஆண்டவர் இதைவிட நல்லதைத் தருவார் என்றோ, இதிலும் ஒரு நோக்கம் இருக்கிறது என்றோ சொல்லவில்லை. கோவிலில் எங்களுக்கெல்லாம் அப்படி ஏதாவது சொல்லி ஒப்பேற்றிப் பழக்கம். அவர் ‘வரல’ என்று சொல்லிவிட்டு, சிங்களப் பெண் ஒருத்தியிடம் குஞ்சொன்று வாங்கி வந்து, அதற்கு மறுபடியும் கதவைத் திறந்தார்.

ஏணையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று நான் கத்திய கத்தலில் அவர் அதைக் கழற்றத்தான் முக்காலியில் ஏறினார். கிணற்றடியிலிருந்து வந்த மாமி அதைக் கண்டு இன்னும் பெரிதாகக் கத்தினார். “கட்டினதை வெறுமையாக் கழட்டுறதோ! அது அதைவிடக் கூடாது!” கட்டியதும் பிழை, கழற்றுவதும் பிழை. என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பேரும் அந்தச் சேலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அது காற்றில் ஆடாமல் இருக்க மாமி அதற்குள் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார். நாலு மாதம் என் வீட்டு ஏணையில் குழவி கிடந்தது.

அது மகாவலி வற்றிய வருடம். பாலத்தின் கீழே ஆறு ஓடவில்லை, பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்று நாறியது. அந்தக் குட்டைகளிலிருந்து நுளம்பு கிளம்பி, பிறகு மலேரியாக் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் படுத்தார்கள். பாடையைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை. தெருவில் காலையில் கதைத்துவிட்டுப் போனவர் செத்துப்போனார் என்று அடுத்த கிழமை செய்தி வரும். எட்டாம் மாதத்தில் எனக்கும் குளிர் எடுத்தது.

பல் கிடுகிடுக்க நான் கிடந்தபோது மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வந்து காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்தார். அதைக் குடித்தால் வயிறு கலைந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. குடிக்காவிட்டால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்றார் அப்போதிக்கரி. என் கணவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். விசுவாசம் இருந்தால் மருந்து தேவையில்லை என்று கோவில் ஆள் ஒருவர் வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இரண்டு பக்கமும் இருட்டாக இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அப்பக்கார அக்காதான் என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“விழுங்கு தங்கச்சி.”

“பிள்ளைக்கு என்னவும் நடந்தா?”

“தெரியாது. ஆனா நீ செத்தா புள்ளையும் செத்துரும், அது தெரியும்ல. தெரிஞ்சதைச் செய்யி. மிச்சத்தை நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

“உங்கடை அப்பாவிலை நம்பிக்கை இல்லையோ, மருந்து தாறியள்?”

“கையை நீட்டுன்னுதானே சொல்றேன். மாத்திரை கையிலதான் இருக்கு. வாயத் திற.”

விழுங்கினேன். அந்தக் கசப்பு இன்றைக்கும் என் நாக்கில் நிற்கிறது. காய்ச்சல் விட்டது, திரும்பி வந்தது, மறுபடியும் விட்டது. அந்த நாட்களில் கடையை மூடிவிட்டு அவர் என் கட்டிலடியிலேயே இருந்தார். வயிற்றில் கை வைத்துப் பிள்ளை அசைவதை நான் பார்க்கும்போதெல்லாம் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் அவருக்கு மூச்சு வரும். ஒருநாள் நெடுநேரம் நான் தலையாட்டவில்லை.

மறுநாள் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. கண்ணை மூடியபடியே வந்தான். நகமெல்லாம் வளர்ந்திருந்தது.

வீட்டில் முதலில் யாரும் அழவில்லை. பிறகு மாமி விறாந்தைக்குப் போனார். அங்கே ஏணை தொங்கியது. அதைக் கண்டதும் அவர் வைத்த ஓலம் தெருவுக்கே கேட்டிருக்கும். “இவளாலைதான்! பிறக்க முன்னம் ஏணை கட்டி, என்ரை பேரப்பிள்ளையைத் தின்னக் குடுத்தவள் இவள்தான்!”

என் கணவர் மாமியைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. நான் படுத்திருந்த இடத்திலிருந்து விறாந்தை தெரிந்தது. அங்கே நின்ற அக்கா ஏதாவது சொல்லட்டும், தேவ சித்தம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், எழுந்து போய் அந்த வாயிலேயே அடிக்கிறேன் என்று காத்துக்கிடந்தேன். அவர் சொல்லவில்லை. “ஆமாம்மா. நான்தான் கட்டினேன்” என்றார். முக்காலியில் ஏறிக் குழவியை எடுத்துக் கீழே வைத்தார். சேலையை அவிழ்த்து, அதை நடுவில் பல்லால் கடித்து நேர் பாதியாகக் கிழித்தார். ஒரு பாதியில் என் பிள்ளையைச் சுற்றி என் கணவரின் கையில் கொடுத்தார். மற்றப் பாதியை மடித்துக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஒரு கிழமைக்குப் பிறகு, மாமி பின்பக்கம் இருந்த நேரமாகப் பார்த்துக் கஞ்சியோடு வந்தார். நான் அவரைச் சும்மா விடவில்லை.

“உங்கடை அப்பா என்ன சொல்லுறார் அக்கா?”

“ஏன் குடுக்கலன்னு கேட்டேன்.”

“ஓம், என்ன சொன்னவர்?”

“ஒண்ணும் சொல்லல.”

“பேந்தும் ஏன் அவரோடை கதைக்கிறியள்?”

அவர் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் வற்றிப்போயிருந்தது. “கோவத்துல பேசாம இருந்துட்டா, அப்புறம் நான் யாருகிட்ட தங்கச்சி கோவிச்சுக்கிறது?” என்றார். பிறகு என் காலடியில் உட்கார்ந்து, அதுவரை யாரும் அழாத அழுகையை அழுதார். அவருடைய தலையைப் பார்த்துக்கொண்டே நானும் அழுதேன். அன்றுதான் அந்த வீட்டில் என் பிள்ளைக்கு இழவு நடந்தது.

ஆனால் ஊர் அவரை விடவில்லை. ஏணைக் கதை பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவியது. காய்ச்சலில் செத்தவர்கள் அத்தனை பேர் இருக்க, என் பிள்ளை மட்டும் ஏணையால் செத்தான் என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவருடைய கடைப்பக்கம் வராமல் தெருவுக்கு மறுகரையால் போனார்கள். கோவில் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் மெல்ல எழுந்து பின்வாங்குக்குப் போனாள். காலையில் கடைத்தெரு முஸ்லிம் முதலாளிமார் ஒன்றிரண்டு பேர்தான் வழக்கம்போல அப்பத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவரோ அதே அளவு அரிசியை ஊறப்போட்டார். விற்காத அப்பம் பெட்டியில் காய்ந்து கிடப்பதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அது என் கோபம். அதை ஊர் எடுத்துக் கொண்டாடுவதற்கு எனக்குச் சம்மதமில்லை. ஒருநாள் காலை, சனம் வேலைக்குப் போகும் நேரமாகப் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்து போய், அவருடைய கடை வாங்கில், எல்லாரும் பார்க்க, நடுவில் உட்கார்ந்தேன். கிளாக்கர் வீட்டுப் பெண்கள் தெருக்கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம்.

“ரெண்டு பாலப்பம் போடுங்கோ அக்கா. கட்டைச் சம்பல் கனக்க வையுங்கோ” என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக. எதிரே எங்கள் வாசலில் மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு மாவை ஊற்றக் கை வரவில்லை. முதல் அப்பத்தைக் கருக்கிவிட்டார். அதையே தின்றேன். பிறகு பலநாள் போய்த் தின்றேன். மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்தார்கள்.

மறு வருடம் நான் மறுபடியும் உண்டானேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது, நான் சம்பலை ஒதுக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் வந்தது, ஆறாம் மாதமும் வந்தது. அவர் எங்கள் படியில் கால் வைக்கவில்லை. கடைக்குப் போனால் அப்பத்தைத் தருவார், குனிந்துகொள்வார். நல்லதுதான், இந்த முறையாவது கண்டபடி எதையும் செய்யாமல் இருக்கட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அது எனக்குப் பயத்தைத் தந்தது. கோவிலில் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கையை ஏந்தியபடிதான் நின்றார். ஆனால் என் பிள்ளைக்காகவும் ஏந்துகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விறாந்தையில் போகும்போதும் வரும்போதும் என் கண் அந்த வெறும் வளைக்குத்தான் போனது. அவரே நம்பிக்கையை விட்டுவிட்டால் நான் யாருடைய நம்பிக்கையைப் பார்த்து எரிச்சல்படுவது? அவரிடம் நான் அவ்வளவு சாய்ந்து நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏழாம் மாதத்தில் ஒரு பின்னேரம், மழை விட்ட நேரம், வாசலில் நிழல் தட்டியது. அக்கா நின்றார். கையில் வெளுத்து மடித்த பச்சைத் துணி. அந்தப் பாதிச் சேலை. எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிற மனுஷி அன்று படியிலேயே நின்றுவிட்டார்.

“கட்டலாமா தங்கச்சி? வேணாம்னா கொண்டு போயிடுறேன். கோவிச்சுக்க மாட்டேன்.”

அவருடைய கையைப் பார்த்தேன். அந்தத் துணியை விரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்கோ அக்கா?”

“இருக்கு” என்றார். “ரொம்ப இருக்கு. மூணு மாசமா மடிச்சு மடிச்சு வைக்கிறேன்.”

அதுவரை நான் அவரிடம் கண்டதெல்லாம் பயம் அறியாத பிள்ளையின் நம்பிக்கை. அதில் எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை, பிள்ளையைப் பறிகொடுக்காதவர் எதையும் நம்பலாம் என்றிருந்தேன். இப்போது என் வாசலில் நின்றவர் எல்லாம் தெரிந்தவர். கேட்டும் கிடைக்காது என்று தெரியும், ஊர் என்ன சொல்லும் என்று தெரியும், என் முகம் எப்படி மாறும் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் கையை மறுபடியும் நீட்டிக்கொண்டு நின்றார்.

“உள்ளுக்கு வாங்கோ” என்றேன்.

முக்காலியில் ஏறிப் பார்த்தார். துணி போதவில்லை. பாதிச் சேலை அல்லவா, வளையிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் பிள்ளை கிடக்கும் அளவுக்கு இறங்கவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றார். நான் அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து என் கூறைச்சேலையை எடுத்து வந்தேன். அதன் தலைப்பையும் அந்தப் பச்சைத் துணியையும் சேர்த்து என் கையாலேயே முடிந்தேன்.

அடுக்களை வாசலில் மாமி நிற்பதை அப்போதுதான் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. ஓலம் வரும் என்று காத்திருந்தேன். மாமி நேராக வந்து குனிந்து முக்காலியின் காலை இரண்டு கையாலும் பிடித்தார். முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“விழுந்து கிழுந்து துலையாதை. இறுக்கிக் கட்டு” என்றார்.

அப்பக்கார அக்கா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவரைப் பற்றி என் மகள் அடிக்கடி கேட்பாள். அந்த ஏணையில் கிடந்து வளர்ந்தவள் அவள்தான். நல்ல வாய்க்காரி, கோபத்தில் என்னைப்போல. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், “பாருங்கோ அம்மா, கடைசியிலை ஜெபத்துக்குப் பதில் வந்திட்டுதுதானே” என்று சுலபமாகச் சொல்லிவிட்டு எழுந்து போவாள். அவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு.

ஆனால் நான் அந்த விறாந்தையில் நின்றவள். முக்காலியின் மேல் ஒருத்தி, அதன் காலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, கீழே வயிற்றோடு நான். வருமா வராதா என்று மூன்று பேருக்கும் தெரியாது. தெரியாமல்தான் முடிச்சுப் போட்டோம்.